வீட்டுக்குள் மலைப்பாம்பு: வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவரின் பதில்களும்

பெங்களூரு விமான நிலையத்தில் பிடிபடும் வெளிநாட்டுப் பாம்புகளைப் பற்றி இப்பகுதியில் எழுதியதைத் தொடர்ந்து, பாம்பு வளர்ப்பு குறித்து வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் சிலவற்றுக்கு இம்மாதம் பதில் அளிக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் அவர்கள் வசிக்கும் பகுதியை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: இஞ்சினீயரிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகன், ‘பால் பைத்தான்’ என்ற பாம்பை வாங்கித் தரும்படி சில மாதங்களாக நச்சரிக்கிறான். இந்திராநகரில் அவனுடைய நண்பன் வீட்டில் ஒன்று இருக்கிறதாம். விஷம் கிடையாது, சத்தம் போடாது, தினமும் சாப்பாடு வைக்க வேண்டியதில்லை என்கிறான். என் கணவர் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்கிறார். மாமியாரோ நாகதோஷம் வரும் என்கிறார். யார் சொல்வது சரி? – *ஒரு தாய், அல்சூர்*

பதில்: அம்மா, மூவரில் உங்கள் கணவர் சொல்வதே உண்மைக்கு அருகில் இருக்கிறது. ஆனால் வழக்கு வருமா வராதா என்பது எந்தப் பாம்பு, அது எங்கிருந்து வந்தது, என்ன ஆவணத்தோடு வந்தது என்பவற்றைப் பொறுத்தது.

நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பதை எண்ணவே வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்று சொல்வதில் கொல்வதோடு, பிடிப்பதும் பொறி வைப்பதும் அடங்கும். 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வடிவில் மலைப்பாம்பு, நல்ல பாம்பு, ராஜநாகம், கண்ணாடி விரியன் ஆகியவற்றோடு, வயல்வரப்பில் எலி பிடித்துத் திரியும் சாரையும்கூட முதல் அட்டவணையில் இடம்பெற்றிருக்கிறது. அந்த அட்டவணை விலங்கு தொடர்பான குற்றத்துக்கு 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. ‘தோட்டத்துக்கு வந்தது, பால் வைத்துப் பழக்கினேன்’ என்பதெல்லாம் நீதிமன்றத்தில் எடுபடாது.

உங்கள் மகன் கேட்பது மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிறிய மலைப்பாம்பு. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் அந்தப் பெயர். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து அடி வரை வளரும். அயல்நாட்டு உயிரினமாகையால் அதற்கு முழுத் தடை இல்லை. ஆனால் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் அது இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தின் பட்டியல்கள் இப்போது நம் சட்டத்தின் நான்காம் அட்டவணையாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி, அத்தகைய உயிரினத்தை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தின் வழியாக, மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும். அது இனப்பெருக்கம் செய்தாலோ, இறந்தாலோ, வேறொருவர் கைக்கு மாறினாலோ அதையும் தெரிவிக்க வேண்டும்.

இதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பதிவு செய்ய வேண்டுமானால் அந்தப் பாம்பு முறையாக இறக்குமதியானது அல்லது பதிவு பெற்றவரிடம் பிறந்தது என்று காட்ட ஆவணம் வேண்டும். சந்தையில் கைமாறும் பாம்புகளில் எத்தனைக்கு அது இருக்கிறது என்பதை நம் விமான நிலையமே சொல்லும். 2023 செப்டம்பரில் பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் 55 பால் பைத்தான்களும் 17 ராஜநாகங்களும் உயிரோடும், 6 கப்புச்சின் குரங்குகள் பிணமாகவும் இருந்தன. 2024 ஏப்ரலில் அதே பாங்காக்கிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியில் 10 மஞ்சள் அனகொண்டாக்கள் இருந்தன. பெட்டிக்குள் துணிப்பையில் முடிந்து வைக்கப்பட்டு, குடிநீர் இன்றி, குளிரில் விறைத்து வந்து சேரும் குட்டி, இரண்டு கை மாறி உங்கள் மகனின் கைப்பேசித் திரையில் அழகான படமாகத் தெரியும். ஆகவே விற்பவரிடம் பாம்பைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள். ‘பணத்தைப் போடுங்கள், சர்டிபிகேட்டை அப்புறம் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்’ என்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

காகிதமெல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், இன்னொரு கணக்கை உங்கள் மகன் போட்டாரா என்று கேளுங்கள். ஒழுங்காகப் பராமரித்தால் இந்தப் பாம்பு 20 முதல் 30 ஆண்டு வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்கியல் பூங்காவில் 60 வயதைக் கடந்த ஒரு பெண் பாம்பு, பல ஆண்டுகளாக ஆண் துணை இல்லாமலே 2020இல் முட்டையிட்டுச் செய்தியானது. உங்கள் மகன் படிப்பை முடிப்பார், வேலைக்காகப் புனேக்கோ ஜெர்மனிக்கோ போவார், பிறகு கல்யாணம் ஆகும். அதுவரை ஃப்ரீஸரிலிருந்து எலியை எடுத்து வெந்நீரில் இளக்கிப் பாம்புக்குக் கொடுப்பது யார்? என் அனுபவத்தில் அந்த வேலை அம்மாவிடம்தான் வந்து சேர்கிறது. படித்து முடித்து, சொந்தச் சம்பாத்தியத்தில் சொந்த வீடு பிடித்த பிறகு வளர்க்கட்டும் என்பதே என் கருத்து.

நாகதோஷம் என் துறை ஆகாது. ஆனால் உங்கள் மாமியாரை வேறொரு காரணத்துக்காக நான் ஆதரிக்கிறேன். நோய் எதுவும் இல்லாததுபோலத் தெரியும் பாம்பின் கழிவிலும் தோலிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் அது ஆபத்தானது. பாம்பின் தண்ணீர்க் கிண்ணத்தை அடுப்படித் தொட்டியில் கழுவும் வீட்டில் அவர் இருக்கக் கூடாது.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பாம்புக்குப் பால், முட்டை, சோயா போன்றவற்றைக் கொடுத்து வளர்க்க முடியுமா? உயிருள்ள எலியைப் போடுவதைப் பார்க்க மனம் வரவில்லை. – *வாசகர், பானஸ்வாடி*

பதில்: முடியாது. பாம்புகள் அனைத்தும் ஊனுண்ணிகள். இரையை எலும்பு, குடல், ஈரல், முடி என்று முழுசாக விழுங்கினால்தான் அவற்றுக்குத் தேவையான சுண்ணாம்புச் சத்தும் உயிர்ச்சத்தும் கிடைக்கும். முட்டையை மட்டுமே தின்று வாழும் பாம்பு ஒன்று ஆப்பிரிக்காவில் இருக்கிறது. அதன் உடலமைப்பே அதற்கென்று தனியாக உருவானது. பால் பைத்தானுக்கு அதை எடுத்துக்காட்டிப் பயனில்லை. பாலைச் செரிக்கும் திறன் எந்தப் பாம்புக்கும் கிடையாது. நாகபஞ்சமிக்குக் கொண்டுவரப்படும் பாம்பு பாலில் வாய் வைப்பது, பல நாள் தண்ணீர் காட்டாமல் தவிக்கவிட்டதால்தான்.

உயிருள்ள எலி வேண்டாம் என்று நீங்கள் நினைப்பது சரியான எண்ணம். எலியின் மீதுள்ள இரக்கத்தால் மட்டும் அல்லாமல் பாம்பின் நலனுக்காகவும் அப்படித்தான் செய்ய வேண்டும். என்னிடம் ஒருமுறை ஒரு பால் பைத்தானைத் தலையணை உறையில் போட்டு எடுத்து வந்தார்கள். இரவு பெட்டிக்குள் பெரிய எலி ஒன்றை விட்டுவிட்டு எல்லோரும் தூங்கப் போயிருக்கிறார்கள். பாம்புக்குப் பசியில்லை, எலிக்குப் பசி இருந்திருக்கிறது. முதுகின் நடுப்பகுதியில் ஒரு விரல் நீளத்துக்குச் செதிளும் தசையும் கொறிக்கப்பட்டு, அடியில் வெள்ளையாக முதுகெலும்பின் முனைகள் தெரிந்தன. பாம்பு அதற்குள்ளும் சுருண்டு அசையாமல் கிடந்தது. தையல் போட இடமில்லாமல், மருந்திட்டுக் கட்டுப் போட்டு, சட்டை உரிக்க உரிக்கப் புதுத்தோல் மூடி வருவதற்குப் பல மாதங்கள் ஆயின.

ஆகவே உலகெங்கும் விவரமறிந்தவர்கள் உறையவைத்த எலியையே கொடுக்கிறார்கள். முதல் நாள் இரவு அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக்கி, மறுநாள் வெந்நீரில் சூடேற்றி, நீண்ட இடுக்கியால் பிடித்துப் பாம்பின் முன் மெதுவாக அசைக்க வேண்டும். மேலுதட்டோரம் உள்ள வெப்பக் குழிகளால் இரையின் சூட்டை அறியும் பாம்பு, சூடில்லாத எலியைத் திரும்பியும் பார்க்காது. மைக்ரோவேவில் வைத்தால் எலி வெடிக்கும். இத்தனையும் உங்கள் வீட்டு ஃப்ரீஸரில், ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் நடக்க வேண்டிய காரியம். அது ஒவ்வாது என்றால் பாம்பு உங்களுக்கான பிராணி ஆகாது.

கேள்வி: பாம்புக்குத் தன்னை வளர்ப்பவரை அடையாளம் தெரியுமா? அன்பு காட்டுமா? – *பள்ளி மாணவி, ஜீவன்பீமா நகர்*

பதில்: நாக்கை நீட்டிக் காற்றிலுள்ள மணத்துகள்களை எடுத்து, வாயின் மேலண்ணத்தில் உள்ள ஜேகப்சன் உறுப்பில் வைத்து ஆராய்வதால், அடிக்கடி தொடுபவரின் வாடையை அது பழகிக்கொள்ளும், அந்த வாடை வந்தால் பயப்படாமல் இருக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்காதே, அம்மா. உன் கழுத்தைச் சுற்றிக்கொள்வது, சூடாகவும் பிடிமானமாகவும் இருக்கிறாய் என்பதற்காகத்தான். நீ பள்ளியிலிருந்து வர நேரமானால் அது வாசலைப் பார்த்துக்கொண்டிருக்காது.

கேள்வி: எங்கள் லேஅவுட்டில் காலி மனையில் கட்டட வேலை செய்பவர்கள், ஒரு சாண் நீளமுள்ள மலைப்பாம்புக் குட்டி ஒன்றைப் பிடித்தார்கள். பழுப்பு நிறத்தில் அழகான திட்டுகள் உள்ளன. பிளாஸ்டிக் வாளியில் வைத்திருக்கிறோம். பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். என்ன உணவு கொடுப்பது? – *குடியிருப்போர் சங்கச் செயலர், எலக்ட்ரானிக் சிட்டி*

பதில்: ஐயா, இந்தக் கடிதத்துக்கு அச்சில் பதில் வரும்வரை காத்திராமல் அன்றே தொலைபேசியில் பேசிவிட்டோம். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முட்டையிலிருந்து வெளிவரும்போதே இந்திய மலைப்பாம்புக் குட்டி ஒன்றரை அடிக்குக் குறையாமல் இருக்கும். ஒரு சாண் நீளத்தில் பழுப்புத் திட்டுகளோடு கிடைப்பது கண்ணாடி விரியன் குட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்; மண்ணுளியின் ஒரு வகையாகவும் இருக்கலாம். கண்ணாடி விரியன் முட்டையிடாமல் குட்டி ஈனும் பாம்பு, ஒரே ஈற்றில் இருபது முப்பது குட்டிகள் வரை போடும், பிறந்த நாளிலிருந்தே ஒவ்வொன்றுக்கும் முழு வீரியத்தோடு விஷம் உண்டு. அந்த மனையில் அதன் உடன்பிறப்புகள் இன்னும் இருக்கும்.

கண்ணாடி விரியனை மலைப்பாம்பு என்று நினைத்துக் கையில் எடுத்துக் கடிபட்டவர்கள் பலர். விரியனின் முதுகில் மூன்று வரிசையாகச் சங்கிலிக் கண்ணிகள்போல நீள்வட்டத் திட்டுகள் ஒழுங்காக அமைந்திருக்கும். செதிள்கள் சொரசொரப்பாக, மினுமினுப்பில்லாமல் இருக்கும். சீண்டினால் குக்கர் விசில்போலச் சீறும். மலைப்பாம்பின் திட்டுகள் கோணல்மாணலாகவும் தோல் வழவழப்பாகவும் இருக்கும். இவற்றை நான் எழுதுவது, அடுத்த முறை பார்த்துத் தெரிந்துகொண்டு பிடிப்பதற்காக அல்ல. தெரிந்தவர்களே தடுமாறும் இடம் இது என்று காட்டுவதற்காக. எந்தப் பாம்பானாலும் தூர நின்று, பிள்ளைகளை விலக்கி, கர்நாடக வனத்துறையின் 1926 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறிவிடுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை வைப்பது ஆகிய எதுவும் கூடாது. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் போன்றவற்றைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் கட்டை வைத்துக் கட்டி, 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு நேரே செல்லுங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் ஒரே ஊசி மருந்து நம்மிடம் இருக்கிறது. அதைத் தயாரிக்கத் தேவையான விஷத்தை மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுத்துத் தருகிறார்கள். அந்த மருந்து வெளிநாட்டு விஷப்பாம்புகளின் கடிக்குப் பயன்படும் என்று நம்பக்கூடாது. ஆப்பிரிக்க விரியனையும் அமெரிக்கக் கிலுகிலுப்பைப் பாம்பையும் திருட்டுத்தனமாக வாங்கி அடுக்குமாடி வீட்டில் வைத்திருப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரிடமிருந்து பால் பைத்தான் வாங்கினேன். எந்தக் காகிதமும் இல்லை. பதிவு விதிகள் வந்ததே இப்போதுதான் தெரிகிறது. மாட்டிக்கொள்வேனோ என்று பயமாக இருக்கிறது. பன்னேர்கட்டாக் காட்டில் விட்டுவிடலாமா? – *ஐடி ஊழியர், வொயிட்ஃபீல்டு*

பதில்: விடவே கூடாது. நீங்கள் செய்ய நினைக்கும் காரியங்களில் மிக மோசமானது அதுதான்.

உங்கள் பாம்பு அங்கே பட்டினியாலோ, குளிராலோ, கீரியிடமோ சாகவே வாய்ப்பு அதிகம். சாகாமல் போனால் அது இன்னும் கேடு. கூண்டில் வளர்ந்த பாம்பிடம் உள்ள வெளிநாட்டு உண்ணிகளும் நோய்க்கிருமிகளும் நம் காட்டுப் பாம்புகளுக்குத் தொற்றும். செல்லப்பிராணி வணிகத்தால் பர்மிய மலைப்பாம்புகள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய், வளர்க்க முடியாதவர்கள் விட்டவையும் தப்பியவையுமாக எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகின. அவை நெடுநாளாக இருந்துவரும் பகுதிகளில் ரக்கூன்களைக் காண்பது 99 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டதாக 2012இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதே ஆண்டு அந்நாட்டு அரசு அந்தப் பாம்பின் இறக்குமதியைத் தடை செய்தது. அவ்வளவு தூரம் போவானேன்? மீன்தொட்டியில் வளர்த்து அலுத்துப்போனவர்கள் விட்ட சிவப்புக்காது ஆமைகள் நம் பெங்களூரு ஏரிகளிலேயே இருக்கின்றன.

2020 ஜூனில் மத்திய அரசு ஒரு வாய்ப்பு கொடுத்தது. ஆறு மாதத்துக்குள் தாமாக அறிவித்தவர்களிடம் ஆவணம் கேட்கவில்லை. நீங்கள் அதற்குப் பிறகு வாங்கியவர். 2024 விதிகளில் ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்த ஆறு மாத அவகாசமும் முடிந்துவிட்டது. இனி செய்யத்தக்கது, வனவிலங்குச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரை முதலில் பார்த்து, அவர் துணையோடு மல்லேஸ்வரத்தில் உள்ள அரண்ய பவனில் நீங்களாகப் போய் நிலையைச் சொல்வது. பாம்பு பறிபோகலாம், அதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். தாமாக வந்து சொன்னவரையும் சோதனையில் பிடிபட்டவரையும் அதிகாரிகள் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. அதுவரை விற்காதீர்கள், இனாமாகக்கூடக் கொடுக்காதீர்கள், இனப்பெருக்கம் செய்யாதீர்கள், இன்ஸ்டாகிராமில் படம் போடாதீர்கள்.

கேள்வி: எங்கள் பால் பைத்தானை முறையாகப் பதிவு செய்திருக்கிறோம். டிசம்பரிலிருந்து எலியைத் தொடவில்லை. சில நாளாக வாயோரம் நுரை தெரிகிறது. பசியால் அப்படியா? இருமல் மருந்து கொடுக்கலாமா? – *தம்பதியர், ஃப்ரேசர் டவுன்*

பதில்: சாப்பிடாமல் இருப்பது வேறு, நுரை வேறு. இந்த வகைப் பாம்பு குளிர்மாதங்களில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் உண்ணாமல் இருப்பது இயல்பு. வாரம் ஒருமுறை எடை பார்த்து, குறையாமல் இருந்தால் கவலைப்பட வேண்டாம். ஆனால் நுரையும், தலையைத் தூக்கி வாயைத் திறந்து மூச்சு விடுவதும் நுரையீரல் தொற்றின் அறிகுறிகள். இருமல் மருந்து கொடுத்தால் அது மூச்சுக்குழலுக்குள் போய்க் காரியத்தைக் கெடுக்கும். ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் அன்றைக்கே கொண்டு போங்கள். அவர் ஊசி வழியாக நோய்நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து கொடுப்பார். அத்தகைய மருத்துவர்கள் பெங்களூரிலும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள் என்பதையும், பாம்பை வாங்குவதற்கு முன்பே அவரைத் தேடி வைத்திருக்க வேண்டும் என்பதையும் மற்றவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

காரணம் பெரும்பாலும் பெட்டியின் சூடுதான். மேற்கு ஆப்பிரிக்கப் பாம்புக்குப் பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரியும், மறுபக்கம் 25 முதல் 27 டிகிரியும் செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். அது தன் தேவைக்கேற்ப இடம் மாறிக்கொள்ளும். மார்கழி இரவில் நம் ஊர் 15, 16 டிகிரிக்கு இறங்கும்போது, மொசைக் தரையில் வைத்த கண்ணாடிப் பெட்டி என்ன ஆகும் என்று பாருங்கள். சூடேற்றும் ஹீட் மேட்டைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் மாட்டுவது அதைவிட ஆபத்து. வயிற்றடியில் தோல் வெந்துபோனாலும் பாம்பு அந்த இடத்தை விட்டு நகராமல் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். மின்சாரம் போனால் யூபிஎஸ் இணைப்பில் அதுவும் இருக்க வேண்டும்.

ஈரப்பதம் 55 முதல் 65 விழுக்காடு வரை இருக்கட்டும். குறைந்தால் சட்டை ஒரே உறையாக வராமல் துண்டு துண்டாக வரும். உரித்த சட்டையை வெளிச்சத்தில் பிடித்து, தலைப்பகுதியில் இரண்டு கண் மூடிகளும் (கண்ணை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற செதிள்கள்) வட்டமாக, முழுசாக வந்திருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். வராவிட்டால் நகத்தால் சுரண்ட வேண்டாம், ஈரத்துணிப் பையில் சிறிது நேரம் வைத்திருந்தால் அடுத்த உரிப்பில் வந்துவிடும். இரண்டு முறை தொடர்ந்து தங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: என் மாமாவிடம் ஒருவர் ‘இரட்டைத் தலைப் பாம்பு’ ஒன்றை விற்க வந்திருக்கிறார். எடைக்கு ஏற்ப விலையாம். வீட்டில் வைத்தால் செல்வம் கொழிக்கும், பிறகு கோடிக்கு விற்கலாம் என்கிறார். மாமா நிலத்தை அடகு வைக்கப் போகிறார். – *வாசகர், கே.ஆர்.புரம்*

பதில்: அதற்கு ஒரே தலைதான். அது மண்ணுளிப் பாம்பு. வால் மழுங்கித் தலைபோலவே இருக்கும். எதிரி வந்தால் தலையைச் சுருளுக்குள் ஒளித்து, வாலைத் தூக்கிக் காட்டித் தப்பிக்கும். பல மண்ணுளிகளின் வாலில் கடித்த, கொத்திய தழும்புகள் இருப்பதற்குக் காரணம் அதுதான். விஷமில்லாதது, மண்ணுக்குள் வாழ்ந்து எலிகளைத் தின்று உழவருக்கு உதவுவது. செல்வத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை, அதிலிருந்து எந்த மருந்தும் எடுக்கப்படுவதில்லை.

கோடி ரூபாய் கொடுத்து வாங்குபவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. இந்த வணிகத்தில் உண்மையாகக் கைமாறும் பணம், உங்கள் மாமாவைப் போன்றவர்கள் கொடுக்கும் முன்பணம் மட்டுமே. வாங்குபவர் வேடத்தில் வருபவரும் விற்பவரும் ஒரே கூட்டமாக இருப்பார்கள். கடைசியில் போலீஸ் வந்தால் பாம்பு யார் கையில் இருக்கிறதோ அவர்மீது வழக்கு. பாம்பை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம் என்பதை மாமாவிடம் சொல்லி, இன்றைக்கே வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். எடை கூடட்டும் என்று அந்தப் பாம்பை இப்போது எந்தப் பானையில் அடைத்து என்ன திணிக்கிறார்களோ தெரியாது.

கேள்வி: எங்கள் அபார்ட்மெண்டில் மேல்மாடிப் பையன் மலைப்பாம்பு வளர்க்கிறான். குளியலறைக் குழாய் வழியாக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுமா? – *குடும்பத் தலைவி, கோரமங்களா*

பதில்: குழாய் வழியாக வருவது அரிது, கதவிடுக்கு வழியாக வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். மூடியைத் தலையால் நெம்பித் தள்ளுவதில் பாம்புகள் கெட்டிக்காரர்கள், தலை நுழையும் இடைவெளி போதும். தப்பிய பால் பைத்தான் பெரும்பாலும் அதே வீட்டில், சூடாகவும் இருட்டாகவும் உள்ள குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் பக்கமோ, துணி அலமாரியின் அடித்தட்டிலோ கிடைக்கும்.

அந்தத் தம்பியிடம் சண்டைக்குப் போகாமல் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: பரிவேஷ் பதிவு எண், பெட்டிக்குப் பூட்டு. இரண்டும் இருந்தால் அவர் பொறுப்பானவர். நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். பதிவு இல்லை என்றால், சங்கத்தின் வழியாக எழுத்தில் கேட்டு, உரிய காலத்துக்குள் பதில் வராவிட்டால் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். ஒருவேளை உங்கள் வீட்டுக்கே அது வந்துவிட்டால், மண்ணெண்ணெய், பினாயில், பூண்டு எதையும் ஊற்ற வேண்டாம், கம்பை எடுக்க வேண்டாம். அந்த அறையின் கதவைச் சாத்தி, அடியிடுக்கில் ஈரத்துண்டைச் செருகிவிட்டு, மேல்மாடிக்குப் போய் அழைப்புமணியை அடியுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் தென்படுவது அவருடைய பாம்புதான் என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். அவர் வந்து பார்த்து ‘என்னுடையது அன்று’ என்றால், அவரையும் கை வைக்க விடாமல் 1926ஐ அழையுங்கள்.